தாடை உள்ளே, தாடை மேலே: ஒரு கனடிய மல்யுத்த, ஜூடோ வீராங்கனையின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவில் வருபவருக்கு இப்போது 21 வயது. மல்யுத்தம், ஜூடோ இரண்டிலும் போட்டியிட்டவர். ஜூடோவில் நான் அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தேன். 2022 நவம்பரில் நடந்த ஒரு காயத்தையும், அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் எடுத்த முடிவுகளையும் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். அவருடைய சம்மதம் வாங்கித்தான் எழுதினேன். முழுவதையும் படித்துவிட்டு ஓர் இடத்தை மட்டும் திருத்தச் சொன்னார், திருத்தியிருக்கிறேன். பெயர், ஊர், பல்கலைக்கழகம், மருத்துவமனை எதையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

பிறந்து வளர்ந்தது ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே, சட்பரியைத் தாண்டி ஒரு சிறிய ஊர். அப்பா நிக்கல் சுரங்கத்தில் மெக்கானிக். 2012ல், எட்டு வயதில், ஊர் தேவாலயத்தின் அடித்தளத்தில் வாரம் இரண்டு நாள் நடந்த ஜூடோ வகுப்பில் சேர்ந்தார்.

கனடாவில் இத்தனை சின்ன ஊர்களில் ஜூடோ கூடங்கள் இருப்பதற்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1924ல் வான்கூவரில் ஷிகேதகா சசாகி நாட்டின் முதல் டோஜோவை, அதாவது ஜூடோ கூடத்தை, தொடங்கினார். 1942ல் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்களை அரசு வீடு வாசலை விட்டு வெளியேற்றி உள்நாட்டுக்கு அனுப்பியது. அவர்கள் போன இடங்களுக்கெல்லாம் ஜூடோவும் போனது. ஆல்பர்ட்டாவின் ரேமண்ட் ஊர்க் கூடம் 1943லேயே தொடங்கிவிட்டது. போர் முடிந்தபின் மற்ற மாகாணங்களிலும் பரவியது. நம் வீராங்கனைக்கு முதன்முதலில் விழக் கற்றுக்கொடுத்தவரும் அந்த மரபில் வந்த ஒருவரிடம் பயின்றவர்தான்.

விழக் கற்றுக்கொடுப்பது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜூடோவில் எறிவதற்கு முன்னால் விழத்தான் சொல்லித் தருவார்கள். அதற்கு உக்கெமி என்று பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், பார்வை உன் பெல்ட் முடிச்சில் இருக்கட்டும், கையால் மேட்டை (தரையில் விரித்த மெத்தையை) ஓங்கி அடி, மூச்சை வெளியே விடு. முதல் மூன்று மாதம் அவர் செய்தது இது ஒன்றுதான்.

2018 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் மல்யுத்த அணி இருந்தது. பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2004ல்தான். அந்த முதல் போட்டியிலேயே ஒன்டாரியோவின் டான்யா வெர்பீக் வெள்ளி வாங்கினார், பிறகு 2008ல் வெண்கலம், 2012ல் மறுபடி வெள்ளி. 2008ல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கேரல் ஹுயின் தங்கம் வென்றார். அதனால் ஒன்டாரியோ பள்ளிகளில் ஒரு பெண் மல்யுத்தம் செய்வதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஜூடோ தெரிந்த பிள்ளை என்றதும் அணியின் ஆசிரியர் கையோடு சேர்த்துக்கொண்டார். தலையையும் ஒரு கையையும் சேர்த்துக் கட்டி இடுப்பின் மேலாகத் தூக்கிப் போடும் எறிதல் அவருக்கு ஏற்கெனவே கைவந்தது. நின்ற நிலையிலிருந்து அப்படி எறிந்து எதிராளியின் முதுகை மேட்டைப் பார்க்க வைத்தால் மல்யுத்தத்தில் நான்கு புள்ளி. முதல் பருவத்திலேயே வட்டாரப் போட்டியில் ஜெயித்தார்.

நடுவில் கோவிட் வந்தது. ஒன்டாரியோவில் உடல் தொட்டு ஆடும் விளையாட்டுகள் மாதக்கணக்கில் நின்றுபோயின. 2022 செப்டம்பரில் தென் ஒன்டாரியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மல்யுத்த அணிக்குள் நுழைந்தார். அதே நகரத்தில் இருந்த எங்கள் ஜூடோ கூடத்துக்கும் வாரம் மூன்று மாலை வரத் தொடங்கினார். அப்போது வயது 18.

இரண்டு கூடம், ஒரே கழுத்து

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜூடோவும் மல்யுத்தமும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். பிடித்து, சாய்த்து, மடக்குவதுதானே என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒன்று இன்னொன்றுக்கு உதவும் என்று அவருடைய பெற்றோரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

பல இடங்களில் உதவவும் செய்தது. இடுப்பின் அசைவு, எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று உணர்வது, தரையில் விடாமல் அழுத்துவது எல்லாம் இரண்டுக்கும் பொது. விதி வேறுபடும் இடங்களில் சின்னச் சின்ன உரசல் வந்தது. மல்யுத்தத்தில் கால்களைப் பாய்ந்து பிடிப்பதுதான் உயிர். ஜூடோவில் 2010லிருந்தே அதற்குக் கட்டுப்பாடு, 2013லிருந்து முழுத் தடை. இப்போது காலைத் தொட்டால் ஷிடோ என்ற தண்டனை, மூன்று ஷிடோ சேர்ந்தால் ஆட்டம் போச்சு. முதல் மாதத்தில் அவர் கை தானாகவே எதிராளியின் முட்டிக்குப் போகும். நடுவர் கை காட்டுவார், அவர் தலையைக் குனிந்து சிரிப்பார். அது பழக்கத்தில் சரியாகிவிட்டது.

சரியாகாமல் போனது கழுத்து. மல்யுத்தத்தில் இரண்டு தோளும் மேட்டில் பட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதனால் முதுகு கீழே போகும் நேரத்தில் மல்யுத்த வீரர் தாடையை மேலே தூக்கி, தலையைப் பின்னால் வளைத்து, உச்சந்தலையை மேட்டில் ஊன்றி, உடம்பைப் பாலமாக வளைத்துத் தோளைக் காப்பாற்றுவார். இதை பிரிட்ஜ் என்பார்கள். தினமும் வார்ம்-அப்பிலேயே பிரிட்ஜ் போட்டுக் கழுத்தை உரமேற்றுவார்கள்.

ஜூடோ அந்த நொடியில் இதற்கு நேர்மாறானதைக் கேட்கிறது. தாடை உள்ளே. தலை மேட்டைத் தொடவே கூடாது. பிரிட்ஜில் இறங்கினால் அதையே எதிராளிக்கு முழு வெற்றியாக, இப்போனாகக் கொடுத்துவிடுவார்கள். எறிதலிலிருந்து தப்பிக்க வேண்டுமென்றே தலையை ஊன்றினால், அன்றைய விதிப்படி ஹன்சோகு-மாகே, அதாவது நேரடித் தகுதிநீக்கம். கழுத்தெலும்பைக் காப்பாற்றத்தான் அந்த விதி. மல்யுத்தத்தில் எறிதலின் முடிவில், கட்டுப்பாட்டோடு போடும் பிரிட்ஜ் வேறு. ஜூடோ உடையின் காலரைப் பிடித்து இருவரின் எடையோடும் வேகமாகச் சுழற்றி எறியும்போது தலையை ஊன்றுவது வேறு.

ஆறு நாள் மல்யுத்தத்தில் ‘தாடையைத் தூக்கு’, மூன்று மாலை ஜூடோவில் ‘தாடையை இழு’. ஒரே வாரத்தில் ஒரே கழுத்துக்கு இரண்டு கட்டளை. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டியவன் நான்.

கண்ணில் பட்டவை

காயத்துக்கு முன்பே இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். முதலாவது அக்டோபரில். ராண்டோரி என்ற பயிற்சி ஆட்டத்தில் யாராவது அவரை நன்றாகத் தூக்கிவிட்டால், கடைசி நொடியில் உடம்பை முறுக்கிக்கொண்டு பாதி வயிறு, பாதி தோள் என்று இறங்கினார். நான் அதை விடாமுயற்சி என்று எடுத்துக்கொண்டேன். “சுலபமா இப்போன் கொடுக்க மாட்டா” என்று பெருமையாகக்கூடச் சொன்னேன். மற்ற பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, நவம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை வந்தவர், கழுத்து இறுக்கமாக இருக்கிறது, இன்றைக்கு எறிதல் வேண்டாம் என்றார். எப்படி ஆயிற்று என்று கேட்டேன். “மல்யுத்தத்துல கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு கோச்” என்றார். ஐஸ் வைக்கச் சொன்னேன். அதற்கு மேல் கேட்கவில்லை. மல்யுத்தப் பயிற்சியாளரின் எண் என்னிடம் இல்லை, என் எண் அவரிடமும் இல்லை. இரண்டு மாதமாக ஒரே பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நவம்பர், ஒரு சனிக்கிழமை

மாகாண அளவில் ஒரு போட்டி, 57 கிலோவுக்கு உட்பட்ட பிரிவு. அவருடைய இயல்பான எடை 60 கிலோ. முந்தின வாரம் முழுக்கத் தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைத்து எடையை இறக்கியிருந்தார். முதல் ஆட்டத்தை 20 விநாடி தரைப்பிடியில் வென்றார். இரண்டாவதையும் வென்றார்.

மூன்றாவது ஆட்டத்தில் எதிராளி இடது கைக்காரர், அனுபவசாலி. இரண்டாவது நிமிடத்தில் காலர் பிடி கிடைத்ததும் உள்ளே புகுந்து, தொடைக்கு நடுவே காலை விட்டு உயர்த்தும் உச்சி-மாட்டா போட்டார். நம் வீராங்கனை முழுதாகக் காற்றில் எழுந்தார். நான் நாற்காலியில் அவருக்கு ஏறக்குறைய மூன்று மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். முதுகு மேட்டை நோக்கித் திரும்பிய நேரத்தில் தாடை மேலே போனது. தலை பின்னால் வளைந்தது. நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடம் முதலில் மேட்டில் பட்டது. ஒரு நொடி அவருடைய எடையும் எதிராளியின் எடையும் அந்த இடத்தின் மேல் நின்றன. பிறகு உடம்பு பக்கவாட்டில் சரிந்தது.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, மேசையில் வீடியோ பார்த்தவர்களோடு பேசிவிட்டு, ஹன்சோகு-மாகே கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. வேண்டுமென்றா தலையை ஊன்றினாள், பிள்ளை விழாமல் இருக்கப் பார்த்தாள், இதற்குத் தகுதிநீக்கமா என்று எழுந்து நின்றேன். தலை அடிபட்ட பெண்ணைப் பார்க்க வேண்டிய முதல் அரை நிமிடத்தை நடுவரைப் பார்த்து வீணாக்கினேன். நடுவர் சொன்னதுதான் சரி என்று அன்றிரவு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அவரே எழுந்து, வணங்கி, வெளியே வந்தார். நான் தோளில் கை போட்டு வார்ம்-அப் இடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனேன். அதுவும் தவறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பத்து நிமிடம்

இந்த வகைத் தகுதிநீக்கம் ஆட்டக்காரரின் பாதுகாப்புக்காகக் கொடுப்பது என்பதால், வாய்ப்பிருந்தால் அடுத்த சுற்றில் தொடர அன்றைய விதி இடம் கொடுத்தது. வெண்கலத்துக்கான பாதை அவருக்குத் திறந்திருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு 25 நிமிடம். “நல்லாத்தான் இருக்கேன். விடுங்க, நான் ஆடணும்” என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். பத்து வருடமாகக் கட்டும் பெல்ட். இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை இரண்டு அடுக்குக்கும் கீழே விட்டு இழுக்க வேண்டும். முனையை ஒரே அடுக்குக்குக் கீழே விட்டார், முடிச்சு தளர்ந்து விழுந்தது. மறுபடி செய்தார், மறுபடியும் அதே. மூன்றாவது முறை பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் உட்காரச் சொல்லி, இது எந்தச் சுற்று என்று கேட்டேன். “ரெண்டாவது” என்றார். கடைசியாக யாரோடு ஆடினாய் என்றதற்கு முதல் ஆட்டத்து எதிராளியைச் சொன்னார்.

பயிற்சியாளர் சான்றிதழுக்காக கன்கஷன் என்று சொல்லப்படும் மூளை அதிர்வு பற்றிய இணையப் பாடத்தை நானும் முடித்திருந்தேன். ஒன்டாரியோவில் ரோவன் சட்டம் 2018ல் நிறைவேறியது. ரோவன் ஸ்ட்ரிங்கர் ஒட்டாவாவைச் சேர்ந்த 17 வயது ரக்பி வீராங்கனை. 2013 மே மாதத்தில் ஒரே வாரத்துக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு இறந்துபோனார். முந்தின அடிகளால் வந்த தலைவலி அவருடைய தோழிகளுக்குத்தான் தெரிந்திருந்தது. 2022 ஜனவரி முதல், மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை உடனே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவரோ நர்ஸ் பிராக்டிஷனரோ பார்த்து அனுமதிக்காமல் திரும்ப விடக் கூடாது என்பது சட்டம். சந்தேகம் போதும், உறுதி தேவையில்லை.

விலக்கிக்கொள்கிறோம் என்று மேசையில் சொல்லிவிட்டு வந்தேன். வடக்கிலிருந்து இரவெல்லாம் கார் ஓட்டி வந்திருந்த அவருடைய அப்பா அருகில் வந்தார். மகள் அழுவதைப் பார்த்துவிட்டு, “அவ நல்லா இருக்கேன்னு சொல்றாளே, டாக்டர் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே” என்றார். அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. நான் சட்டத்தைப் பேசவில்லை. “அவளைப் பெல்ட் கட்டச் சொல்லிப் பாருங்க” என்றேன். மகள் கட்ட முயல்வதை அவர் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினார்.

போட்டி மருத்துவர் கேட்டபோதுதான் பின்கழுத்து வலிக்கிறது என்று சொன்னார். தலையில் அடிபட்டவருக்குக் கழுத்து வலி இருந்தால் அது ஆபத்து அறிகுறி. அசையாமல் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நான் ஏற்கெனவே அவரை 40 மீட்டர் நடக்க வைத்திருந்தேன்.

மருத்துவமனையில் தெரிந்தது

ஸ்கேனில் கழுத்தெலும்பு நன்றாக இருந்தது, மண்டைக்குள் ரத்தக்கசிவு இல்லை. மூளை அதிர்வு என்று உறுதி செய்தார்கள். அவசரப் பிரிவு மருத்துவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: கடந்த சில வாரங்களில் வேறு அடி ஏதாவது?

வீராங்கனை அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பத்து நாளுக்கு முன் மல்யுத்தப் பயிற்சியில் எதிராளியின் முட்டி கன்னப்பொறியில் இடித்ததாம். மூன்று நாள் தலைவலி, வெளிச்சம் கண்ணைக் கூசியது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம்தான் அணியில் அந்த எடைக்கு யார் இறங்குவது என்று முடிவாக இருந்தது. எங்கள் கூடத்தில் ‘கழுத்துப் பிடிப்பு’ என்று சொன்னது அந்த அடியைத்தான். மல்யுத்தப் பக்கம் கேட்டபோது, ‘ஜூடோவில் பிடித்துக்கொண்டது’ என்று சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் அவர் திருத்தம் கேட்டார். ‘மறைத்தார்’ என்று எழுதியிருந்தேன். “நான் மறைக்கணும்னு நினைக்கல. யாராவது ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்” என்றார். அவர் சொன்னபடியே இங்கே வைக்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுநாள் மல்யுத்தப் பயிற்சியாளரை அழைத்தேன். என்னைக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே” என்றார். “நீங்களும் பண்ணியிருக்கலாம்” என்றேன். அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

மூன்று முடிவு எடுத்தோம். இரண்டு கூடத்துக்கும் பொதுவாக ஒரே பதிவேடு இருக்கும். வீராங்கனையின் சம்மதத்தோடு நாங்கள் இருவரும், அணியின் தெரபிஸ்ட்டும் பார்க்கலாம். தலை, கழுத்து சம்பந்தமாக எது நடந்தாலும் அன்றிரவே எழுதிவிட வேண்டும். இரண்டாவது, படிப்புக்குத் திரும்பியபின்தான் விளையாட்டு. மூன்றாவது, மல்யுத்த அணியில் அவருடைய இடம் காயத்தால் பறிபோகாது என்று அந்தப் பயிற்சியாளர் எழுத்தில் கொடுத்தார். நான் கேட்காமலே அவர் செய்தது அது. மூன்றிலும் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால் இடம் போகும் என்ற நிலை இருக்கும்வரை எந்தப் பதிவேடும் நிரம்பாது.

விளையாட்டுக்குத் திரும்புவது ஆறு படி: அன்றாட வேலை, லேசான நடை அல்லது சைக்கிள், தொடுதல் இல்லாத தனிப் பயிற்சி, தொடுதல் இல்லாத கடினப் பயிற்சி, மருத்துவர் அனுமதித்தபின் முழுப் பயிற்சி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி திரும்பினால் முந்தின படிக்கு இறங்க வேண்டும்.

சறுக்கல்

முதல் இரண்டு வாரம் லேப்டாப் திரையைப் பார்த்தாலே தலை வலித்தது. வகுப்புப் பாடங்களைத் தோழி படித்துக்காட்டினார். டிசம்பர் நடுவில் நான்காம் படியைத் தொட்டார். எல்லோருக்கும் நிம்மதி.

அடுத்த வாரம் தலைவலி திரும்ப வந்தது, கூடவே குமட்டல். பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அடி எதுவும் இல்லை, யாரும் அவரைத் தொடக்கூட இல்லை. அவருடைய தெரபிஸ்ட்தான் கண்டுபிடித்தார். மல்யுத்தக் கூடத்தில் அணியோடு சேர்ந்து வார்ம்-அப் செய்திருக்கிறார். அந்த வார்ம்-அப்பில் கழுத்துப் பிரிட்ஜ் இருக்கிறது. வார்ம்-அப்தானே, தொடுதல் இல்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. தலைமேல் எடை வைத்து உருளுவது அந்தக் கூடத்தில் பல் தேய்ப்பது மாதிரி. அதை ஒரு ‘பயிற்சி’யாக யாரும் எண்ணியதே இல்லை.

இரண்டாம் படிக்கு இறங்கினார். முழு அனுமதி கிடைத்தபோது ஜனவரி முடியப்போகிறது. போட்டிக்கு உடம்பைத் தயார்செய்ய நேரம் போதவில்லை. பல்கலைக்கழக மல்யுத்தப் பருவம் பிப்ரவரியோடு முடிந்துவிடும், அந்த வருடத்துப் பருவம் போய்விட்டது.

விழக் கற்றல், மறுபடியும்

பிப்ரவரியில் எங்கள் கூடத்துக்கு வந்தவரைத் தடித்த மேட்டில் விழவைத்துப் போனில் வீடியோ எடுத்தேன். தானாக விழும்போது எல்லாம் சரியாக இருந்தது, பாடப்புத்தகம் மாதிரி. நான் எறியும்போது பாதிக்கு மேல் தாடை மேலே போனது. அவருக்கே அது தெரியவில்லை. மெதுவாக ஓட்டிக் காட்டியதும், “இது நானா?” என்று கேட்டார்.

நாங்கள் செய்தது எளிமையானது. ஜூடோ உடையின் காலர் கழுத்தில் உரசுவதையே அடையாளமாக்கினோம். காலர் இருந்தால் தாடை உள்ளே. ஒவ்வொரு முறை பிடி விழும்போதும் அவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மல்யுத்த உடையில் இருக்கும் நாளில் ஜூடோ பயிற்சி கிடையாது, ஒரே நாளில் இரண்டும் கிடையாது. அப்புறம் ஒன்று, எறிந்தால் எதிர்க்காமல் விழ வேண்டும். இப்போனைக் கொடுத்துவிட வேண்டும்.

கஷ்டமாக இருந்தது அந்தக் கடைசி விஷயம்தான். 12 வயதுப் பையன் எறிந்தாலும் அழகாக விழுந்து எழு என்றால் அவர் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவார். ஒருநாள் எழுந்து, “நாலு வருஷமா தோளைக் கீழ வைக்காதேன்னு சொல்லி வளர்த்தாங்க. இப்ப வைன்னு சொல்றீங்க” என்று அழுதார். அவருடைய விடாமுயற்சியைப் பிள்ளைகள் முன்னால் புகழ்ந்தவன் நான். அந்தப் பேச்சை அதே பிள்ளைகள் முன்னால் திரும்ப எடுத்துக்கொண்டேன். நன்றாக விழுபவர்தான் அடுத்த ஆட்டம் ஆடுவார், அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். ஏப்ரல் வாக்கில் வீடியோவில் தாடை அசையவில்லை.

தேர்வு

2023 வசந்தத்தில் அவரே உட்கார்ந்து யோசித்தார். நாங்கள் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. எடை ஒரு காரணம். 60 கிலோ இயல்பு எடைக்காரருக்கு ஜூடோவில் 57 அல்லது 63, இரண்டுமே வசதியில்லை. அதிலும் கனடாவில் 57 கிலோ என்றால் மலை. 2019 உலக சாம்பியன் கிறிஸ்டா தெகுச்சி, 2021 உலக சாம்பியன் ஜெசிகா கிளிம்கைட், இருவரும் அதே எடை. ஒரு நாட்டுக்கு ஓர் எடையில் ஒருவர்தான் ஒலிம்பிக் போக முடியும். டோக்கியோவுக்குப் போன கிளிம்கைட் வெண்கலம் வாங்கினார், தெகுச்சி வீட்டில் இருந்தார். மல்யுத்தத்தில் 59, 62 என்று எடைகள் நெருக்கமாக இருக்கின்றன, பட்டினி கிடக்க வேண்டாம். படிப்புச் செலவுக்கு உதவித்தொகையும் அந்தப் பக்கம்தான்.

போட்டிக்கு மல்யுத்தம், ஜூடோவுக்கு வாரம் ஒரு மாலை, அதுவும் போட்டியில்லாமல். இதுதான் அவர் முடிவு. எனக்கு வருத்தம் இருந்தது. அவரிடம் நல்ல ஜூடோ இருந்தது.

பின் நடந்தது

அடுத்த இரண்டு பருவமும் முழுதாக ஆடினார். மாகாணப் பல்கலைக்கழகப் போட்டியில் ஒருமுறை மூன்றாவது இடம். தேசிய அளவில் பதக்கம் கிடைக்கவில்லை. மூளை அதிர்வு திரும்ப வரவில்லை. பதிவேட்டில் தலை சம்பந்தமாக நான்கு குறிப்பு இருக்கிறது, நான்கையும் அன்றிரவே அவரே எழுதியிருக்கிறார். அதில் ஒன்றுக்காக ஒரு போட்டியைத் தானாகவே விட்டார்.

2024 ஜூலை 29ஆம் தேதி பாரிஸில் தெகுச்சி கனடாவின் முதல் ஜூடோ ஒலிம்பிக் தங்கத்தை வென்றதைக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். இறுதி ஆட்டம் கொரிய வீராங்கனைக்கு மூன்றாவது ஷிடோ விழுந்து முடிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். அவர் என் பக்கம் திரும்பி, “57ல ஆடியிருந்தா இவங்களைத் தாண்டியிருக்கணும்” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை.

மறுபடி நடந்தால் என்ன மாற்றுவேன்

தலை மேட்டில் பட்டவரை இனி நடத்திக் கூட்டிப்போக மாட்டேன். அந்த இடத்திலேயே அசையாமல் இருக்கவைத்து, கழுத்து வலிக்கிறதா, கை கால் மரத்திருக்கிறதா என்று கேட்டபின்தான் அடுத்தது. நடுவரோடு பேசும் வேலை வேறு யாருக்காவது.

எடையை இறக்கிக் களைத்துப்போன உடம்போடு ஆட விட்டிருக்க மாட்டேன். அன்றைய காயத்துக்கு அது எவ்வளவு காரணம் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் முந்தின மாலை எடை பார்த்தபோது அவர் கண் குழிந்திருந்ததை நான் பார்த்தேன், ஆட விட்டேன்.

இன்னொரு விளையாட்டிலும் இருக்கும் ஒருவர் சேரும் முதல் நாளே, அந்தப் பயிற்சியாளரின் தொலைபேசி எண்ணை வாங்கி, அவரோடு பேசிவிட்டுத்தான் மேட்டில் ஏற்றுகிறேன். எங்கள் கூடத்தில் இப்போது அப்படி ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று பேர் மல்யுத்தம், ஒருவர் ஹாக்கி, ஒருவர் ஜிம்னாஸ்டிக்ஸ். பள்ளி மல்யுத்தப் பயிற்சியாளர்கள் இருவர், அடிபட்டுத் திரும்பும் பிள்ளைகளுக்கு வார்ம்-அப்பில் பிரிட்ஜை நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றாமவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை மாலை எட்டு வயதுக்காரர்களின் விழும் வகுப்பை இப்போது அவர்தான் எடுக்கிறார். ஒவ்வொரு பிள்ளையின் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, பின்னால் உருளச் சொல்கிறார். பந்து விழுந்தால் எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். போன வாரம் ஒரு பையன் ஒன்பது முறை கடைசிக்குப் போனான். அவனுக்காக வகுப்பைப் பத்து நிமிடம் நீட்டினார்.